செய்யுள் வடிவங்களை எழுதப் பயிற்றுதல்: அலகு பற்றிய சிக்கல்

பள்ளி, கல்லூரித் தமிழ்ப் பாடங்களில் யாப்பிலக்கணம் இடம்பெறுகிறது. செய்யுள் இயற்றும் பயிற்சி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தேர்வில் ஒரு குறட்பா கொடுக்கப்படும். மாணவர் அதனை அலகிட்டு, வாய்பாடு எழுதி, மதிப்பெண் பெறுவர். முன்னரே அமைந்துவிட்ட ஒன்றைப் பகுத்துக் காட்டும் பயிற்சி இது. இல்லாத ஓர் அடியை ஆக்குவதற்கு வேண்டிய திறன் வேறு. பகுக்கும்போது சொற்கள் நிலைபெற்றுக் கிடக்கின்றன. ஆக்கும்போது ஒவ்வொரு சொல்லும் தெரிவுக்கு உரியது. பல ஆண்டுகள் அலகிட்டுப் பழகிய மாணவரும் பிழையற்ற ஒரு நாற்சீரடியை இயற்ற இயலாமல் திகைப்பதற்கு இவ்வேறுபாடே முதற்காரணம்.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. செய்யுள் வடிவம் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை எண்ணுகிறது. எல்லா வடிவங்களும் ஒன்றையே எண்ணுவதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் முதல் ஐந்து மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்பன. இவற்றுள் எது ஒரு வடிவத்தின் அளவுகோல் என்பதைத் தெளிவாக்காமல் வடிவத்தைக் கற்பிக்க இயலாது. 'மரம்', 'பாடல்' என்னும் இரு சொற்களை ஒப்பிடுக. இரண்டிலும் எழுத்து மூன்று. ஒற்று நீக்கினால் இரண்டு. மாத்திரையோ முன்னதில் இரண்டரை, பின்னதில் மூன்றரை. 'மரம்' நிரையசை ஒன்றே. 'பாடல்' நேர் நேர் எனப் பிரிந்து தேமா ஆகிறது. எண்ணும் பொருள் மாறினால் இவ்விரு சொற்களும் ஒரு வடிவத்தில் ஒன்றற்கொன்று ஈடாகும்; மற்றொன்றில் ஆகா.

இக்குழப்பத்தைக் கலைச்சொல் மேலும் வளர்த்துவிட்டது. மொழியியல் நூல்களில் 'சிலபிள்' என்பதற்கு 'அசை' என்னும் சொல்லும் வழங்குகிறது. ஒலியியலார் நோக்கில் 'மரம்' ம-ரம் என இரண்டு அசை. யாப்பியலார் நோக்கில் ஒன்று. பிறமொழிக் கவிதை வடிவங்களைப் பற்றிய கட்டுரைகள் தமிழாக்கம் பெறும்போது 'அசை' எப்பொருளில் நிற்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் சுட்டாவிடின், மாணவர் யாப்பசையை எண்ணத் தொடங்கிவிடுவார். வடமொழி யாப்பை அறிந்த ஆசிரியர் சிலர் நேரசையைக் குருவோடும், நிரையசையை இரண்டு லகுவோடும் நிகராக்கிக் கற்பிப்பதும் உண்டு. தொடக்கத்தில் எளிதாகத் தோன்றும் இவ்வழி விரைவில் முறிகிறது. 'பட்டு', 'பட்டம்' இரண்டும் தமிழில் தேமாவே. வடமொழிக் கணக்கில் 'பட்டு' என்பதன் இறுதி லகு. 'பட்டம்' என்பதன் இறுதியோ மகர ஒற்றால் மூடப்பட்டதால் குரு. 13, 11 என மாத்திரை எண்ணும் இந்தித் தோஹாவில் பழகிய செவி தமிழ் வெண்பாவில் இடறுவது இவ்விடத்தில்தான்.

வெண்பா எண்ணுவது சீர்த்தொகையை மட்டுமன்று. சீரும் சீரும் சந்திக்கும் இடத்தை, அஃதாவது தளையை. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்னும் மூன்று விதிகளையும் மாணவர் மனப்பாடமாகச் சொல்வர். அவை சொல் தெரிவில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பது கரும்பலகையில் ஓரடியை ஆக்கிக் காட்டினாலன்றி விளங்காது. எடுத்துக்காட்டாக, 'மழைவந்து நின்ற மறுநாள் தெருவில்' என ஓரடி அமைக்கலாம். புளிமாங்காய், தேமா, புளிமா, புளிமா, தளை பிறழவில்லை. இதில் 'மறுநாள்' என்பதை 'மறுதினம்' என மாற்றுக. பொருள் மாறவில்லை. ஆயினும் கருவிளத்தின் முன் 'தெரு' என்னும் நிரை வந்து ஆசிரியத்தளை ஆகிவிடுகிறது. அகவலில் இவ்வடி குற்றமற்றது, வெண்பாவில் நில்லாது. 'தெருவில்' என்பதை 'வீதியில்' என மாற்றினால் தளை மீண்டும் சரியாகும். ஆனால் விளைவு அங்கு முடிவதில்லை. முன்னைய அடி மாச்சீரில் முடிந்தது. ஆதலின் அடுத்த அடி நிரையில் தொடங்க வேண்டும். புதிய அடி விளத்தில் முடிகிறது. அடுத்த அடி நேரில் தொடங்க வேண்டும். ஒரு பொருட்பன்மொழி அடுத்த அடியின் முதற்சொல்லையே மாற்றிவிடுகிறது. வெண்பாவை வெண்பாவாகவே பெயர்க்க முனையும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இவ்வொரு பயிற்சி பல பக்க விளக்கத்தைவிடப் பயன் தரும்.

இக்காலத்து மாணவர்க்குப் புணர்ச்சி தனித் தொல்லை. சொற்களைப் பிரித்து எழுதிப் பழகியவர்கள் 'காற்று அடித்தது' என எழுதித் தேமா, கருவிளம் எனக் கணக்கிட்டு மகிழ்வர். குற்றியலுகரம் உயிர்முன் கெடும். வாய்விட்டுப் படித்தால் 'காற்றடித்தது' என ஒலித்துக் கூவிளங்கனி ஆகிறது. கனிச்சீர் வெண்பாவில் வராது. தாளில் சரியாகவும் செவியில் பிழையாகவும் நிற்கும் இத்தகைய அடிகளைக் கண்டறிய, எழுதியதை உரக்கப் படிக்கச் செய்வதைவிடச் சிறந்த வழியில்லை. இன்றைய வகுப்பறைகளில் அருகிப்போனதும் அதுவே.

எண்ணிக்கை எப்போதும் ஆக்கும் விதியாகாது. சில வடிவங்களில் அது சரிபார்க்கும் கருவி மட்டுமே. அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகை கட்டளைக் கலித்துறையால் இயன்றது. ஒற்று நீக்கி எண்ணினால் நேரசையில் தொடங்கும் அடியில் 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கும் அடியில் 17 எழுத்தும் வரவேண்டும் என்பது இதன் இலக்கணம். எழுத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டே எழுதுமாறு மாணவரைப் பணிப்பது வீண் சுமை. ஒற்று நீங்க, நேருக்கு ஓரெழுத்து; நிரைக்கு இரண்டு. முதல் நான்கு சீர்கள் விளங்காய் வராது வெண்டளை பிறழாமல் அமைந்து, ஐந்தாம் சீர் விளங்காயாக முடிந்தால் 16 அல்லது 17 தானே வந்துவிடும். இதனை மாணவரே கூட்டிப் பார்த்துக் கண்டுகொள்ளுமாறு விடுவது நன்று. கண்டபின் அவர் இவ்வடிவத்தை மறப்பதில்லை.

சிந்து, கும்மி முதலியவற்றில் அளவுகோல் தாளம். குறைந்த எழுத்தை நீட்டிப் பாடித் தாளத்தை நிரப்ப இடமுண்டு. ஆதலின் இவற்றை வாய்பாட்டால் அளப்பது பொருந்தாது. கைதட்டிப் பாடிக் கற்பிக்க வேண்டும். புதுவை இரா. திருமுருகனின் ஆய்வுகள் சிந்து யாப்பைக் கற்பிப்போர்க்குப் பெரிதும் உதவும்.

ஹைக்கூவில் 5-7-5 எனப்படுவது ஜப்பானிய ஒலியலகின் எண்ணிக்கை. 'நிப்பொன்' என்னும் சொல் அம்மொழியில் நான்கு அலகு: இரட்டித்த மெய்யின் முற்பகுதியும் இறுதி னகரமும் தனித்தனி எண்ணப்படும். தமிழில் அச்சொல் அசையால் இரண்டு, மாத்திரையால் மூன்று, எழுத்தால் நான்கு. எழுத்துக் கணக்கு ஒத்துவருகிறதே எனத் தோன்றலாம். அம்மொழியில் நெடில் இரண்டு அலகு பெறும். தமிழில் நெடில் ஓரெழுத்தே. அங்கே ஒப்புமை குலைகிறது. தமிழ் அலகுகளுள் எதுவும் அதற்கு நிகரன்று. எனவே 5-7-5 என்பதைத் தமிழ் மாணவர்மீது விதியாகச் சுமத்துவதில் பயனில்லை. 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிய பாரதியும் சொற்சுருக்கத்தையே போற்றினார். மூன்று அடி, இரு காட்சி, இடையே ஒரு வெட்டு. இவை எம்மொழிக்கும் பெயரக் கூடியவை.

ஒலியிசைவிலும் இத்தகைய கவனம் தேவை. தமிழ் ஒட்டுநிலை மொழி. விகுதிகள் சொல்லிறுதியில் நிற்பன. 'வந்தேன், சென்றேன், நின்றேன்' என அடியிறுதி ஒத்துவருவது புலமையால் அன்று. தன்மை ஒருமை விகுதியால் வருவது. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகை பெரும்பாலும் வேர்ச்சொல்லிலேயே விழுகிறது. ஆதலின் அது தேடிப் பெறவேண்டியதாயிற்று. தமிழ்ச் செய்யுள் எதுகைக்குத் தந்த சிறப்பை இயைபுக்குத் தராமைக்கு இது ஒரு காரணமாகலாம். கஸல் எழுதப் பழகும் மாணவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். ரதீப் என்பது அடியிறுதியில் மாறாது திரும்பும் சொல். அதற்கு முன் நிற்கும் ஒலியிசைவு காஃபியா. காஃபியாவை விகுதியால் நிரப்பினால் வடிவம் இருக்கும். அதன் இறுக்கம் இராது.

பயிற்றும் வரிசையில் வெண்பாவை முதலில் வைப்பது வழக்கம். பிறதளையும் விரவ இடந்தரும் அகவலை முதலில் வைப்பதே மாணவர்க்கு உகந்தது. இருபது முப்பது அடி பிழையின்றி எழுதிய கைக்கு வெண்டளை அத்துணை அச்சம் தராது. அதன்பின் ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்லும் பழைய முறை பயன்படும். நாள், மலர், காசு, பிறப்பு என்னும் இறுதிச்சீரின் கவலை தீர்ந்துவிடுவதால், மாணவர் மேலுள்ள அடிகளில் கருத்தைச் செலுத்தலாம். இதன் குறை 'அன்றோ', 'தானே', 'மிகவே' என இட்டு நிரப்பும் பழக்கம். இவற்றை வெற்றெனத் தொடுத்தல் என்னும் குற்றமாகக் கொண்டு ஆசிரியர் முதற்படியிலேயே அடித்துவிடுவது நல்லது. அவ்விடத்தில் வேறு சொல் கிடைக்கும்வரை அடி முச்சீரோடு நிற்கட்டும்.