படத்தில் முடிவில்லை, பயொப்சியில்தான் முடிவு

“கட்டியில ஊசி போட்டா நோய் பரவிடும்.” மார்பில் கட்டி தட்டுப்பட்ட ஒரு பெண், டொக்டரிடம் போவதற்கு முன்பே இந்தப் பேச்சு அவள் காதில் விழுந்துவிடும். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் இதுதான் நிலை. சொல்வது மாமியாக இருக்கலாம், சாச்சியாக இருக்கலாம், பக்கத்து வளவு ராத்தாவாக இருக்கலாம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் இந்தப் பேச்சை நம்பி மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கட்டி வளர்கிறது.

ஆகவே முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதிக்கும் பயொப்சி ஊசியால் மார்பகப் புற்றுநோயாளிகளின் ஆயுள் குறைவதில்லை. ஊசி போன பாதையில் சில கலங்கள் இடம்பெயர்வது உண்டு, அதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை அங்கே பிழைப்பதில்லை. பின்னர் செய்யப்படும் ஒபரேஷனும் கதிர்ச்சிகிச்சையும் அந்த இடத்தையும் சேர்த்தே கவனித்துக்கொள்கின்றன. பயொப்சி செய்யாமல் நாளைக் கடத்துவதால் வரும் ஆபத்தோ கண்ணுக்கு முன்னால் நிற்பது. இலங்கைப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். ஒரு பெண் முதன்முதலாக மருத்துவரிடம் வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் என்னவென்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது, உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பின் இலக்குகளில் ஒன்று.

எம்.ஆர்.ஐ. பற்றியும் ஒரு தவறான எண்ணம் ஊரில் இருக்கிறது. விலை கூடிய ஸ்கேன் என்பதால் அதுதான் கடைசித் தீர்ப்பு என்று நினைக்கிறார்கள். கட்டி தட்டுப்பட்டதும் காசு சேர்த்து நேரே எம்.ஆர்.ஐ.க்கு ஓட நினைப்பவர்களும் உண்டு. தேவையில்லை. டொக்டர் கையால் பரிசோதிப்பது, அல்ட்ராசவுண்ட் அல்லது மெமோகிராம், பிறகு பயொப்சி: பெரும்பாலான கட்டிகளுக்கு இவ்வளவே போதும். எம்.ஆர்.ஐ. சிலருக்குத்தான் வேண்டும். பரம்பரையாக ஆபத்துக் கூடியவர்கள், புற்றுநோய் உறுதியாகி அது எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்று மற்றப் படங்களில் பிடிபடாதவர்கள், அக்குளில் நோய் தெரிந்தும் மார்பில் ஒன்றும் தெரியாதவர்கள், ஒபரேஷனுக்கு முன் மருந்தேற்றி கட்டி எவ்வளவு சுருங்கியது என்று அளக்கப்பட வேண்டியவர்கள். நெதர்லாந்தில் பரம்பரை ஆபத்துள்ள 1,909 பெண்களிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், பரவும் வகைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எம்.ஆர்.ஐ. பிடித்தது, மெமோகிராம் பிடித்தது 33 சதவீதத்தை. அதே எம்.ஆர்.ஐ. சாதாரணக் கட்டிகளையும் சந்தேகமாகக் காட்டிவிடும். அதனால்தான் படத்தை மட்டும் வைத்து யாருக்கும் புற்றுநோய் என்று முத்திரை குத்துவதில்லை.

பரம்பரை என்றதும் நம் பக்கத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிழக்குக் கரையில் குடி தாய்வழியாக வருவது. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வது. எனவே உம்மா, மூத்தம்மா, சாச்சி ஆகியோரின் நோய்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். வாப்பாவின் சகோதரிக்கு என்ன வந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 1994இலும் 1995இலும் அடையாளம் காணப்பட்ட பிராக்கா 1, பிராக்கா 2 ஆகிய மரபணுக்களின் கோளாறு வாப்பா வழியாகவும் அதே அளவுக்கு வரும். டொக்டர் குடும்பத்தைப் பற்றிக் கேட்கும்போது இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ. எழுதித் தந்தால், மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு பொதுவாக விலக்குத் தொடங்கி 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் திகதி கேட்பார்கள். மற்ற நாட்களில் ஹோர்மோன்களால் மார்பகம் படத்தில் குழப்பமாகத் தெரியும். புற்றுநோய் ஏற்கெனவே உறுதியானவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கர்ப்பமாக இருந்தால், சந்தேகம் இருந்தாலும்கூட, முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீரக வருத்தம் இருப்பதையும் மறைக்கக் கூடாது. நரம்பு வழியாக ஏற்றும் கடோலினியம் மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. பால் கொடுக்கும் தாய்மார் பயப்படத் தேவையில்லை. தாய்ப்பாலில் கலப்பது மிகச் சொற்பம்.

அந்த அறையில் இருப்பது பலத்த காந்தம். எந்த நேரமும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். வளையல், தோடு, மூக்குத்தி, கொக்கி வைத்த உள்ளாடை எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். நம் பெண்கள் மறந்துபோவது வேறு இரண்டை. ஒன்று பர்தாவில் குத்தும் ஊசி. முகத்தருகே ஒன்று, தோளில் ஒன்று, உள்ளே போடும் தொப்பியில் ஒன்று என்று இருக்கும். தினமும் குத்தும் பழக்கத்தில் அது இருப்பதே தெரியாது. காந்தத்துக்கு அது தெரியும், கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊசி பறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றது தகடு வைத்த தாயத்து. சரிகை வேலை செய்த அபாயாவும் வேண்டாம், உலோக நூல் சூடாகித் தோலைச் சுடலாம். ஊசி குத்தாத சாதாரண பருத்தித் துணியால் தலையை மறைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பெண் ஊழியர் வேண்டுமென்று திகதி எடுக்கும்போதே கேட்டு வைப்பது நல்லது. அன்று காலையில் போய்க் கேட்டால் ஆள் இல்லாமல் போகலாம்.

இன்னொன்றையும் கிழக்கில் கட்டாயம் கேட்டாக வேண்டும். உடம்பில் செல் துண்டோ துப்பாக்கிச் சன்னமோ இருக்கிறதா? யுத்த காலத்தில் காயப்பட்டு, எடுக்க முடியாமல் உள்ளேயே விடப்பட்ட இரும்போடு வாழ்கிறவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். முப்பது வருடம் நோவில்லாமல் இருந்துவிட்டதே என்று சொல்லாமல் விடக் கூடாது. கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பக்கத்தில் இருந்தால் ஆபத்து. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுமதிப்பார்கள். பேஸ்மேக்கர், மூளையில் வைத்த கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி ஆகியவை இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மேசையில் குப்புறப் படுக்க வேண்டும். மார்பகங்கள் தொங்குவதற்கு இரண்டு குழிகள் இருக்கும், அவற்றைச் சுற்றித்தான் படம் பிடிக்கும் கருவி. படுத்த பிறகு முதுகை மூடப் போர்வை கேட்கலாம். முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் அசையக் கூடாது. இயந்திரம் தடதடவென்று தட்டும், நிறுத்தும், திரும்பவும் தட்டும். காதுக்கு அடைப்பான் தருவார்கள், கையில் ஒரு பந்தும் தருவார்கள். பயம் வந்தால் அதை அமுக்கினால் ஆள் வருவார். இடையில் கையில் ஏற்றிய ஊசி வழியாக மருந்து போகும்போது கை குளிரும். நெஞ்செலும்பு மேசையில் அழுத்துவதுதான் பலருக்குக் கஷ்டமாக இருக்கும். ஏறும்போதே சரியாகப் படுத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் பைராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, சில மாதங்களில் திரும்பப் பார்ப்பார்கள். 4, 5 என்றால் பயொப்சி.

பயொப்சிக்குப் பட்டினி தேவையில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின், குளோபிடோகிரல் குடிப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது. அல்ட்ராசவுண்டில் கட்டியைப் பார்த்துக்கொண்டே மரத்துப்போக ஊசி போடுவார்கள். எரியும், சில வினாடிகள்தான். பிறகு தோலில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீறல். அதற்குள்ளால் போகும் ஊசி ‘டக்’கென்று ஸ்டேப்ளர் அடிப்பது போலச் சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குத்தான் திடுக்கிடுவார்கள், நோவுக்கு அல்ல. சத்தத்தை முதலில் ஒருதரம் கேட்க வையுங்கள் என்று கேட்கலாம். நாலைந்து முறை எடுத்த நூல் போன்ற வெண்மையான சதைத் துண்டுகள் போர்மலின் போத்தலுக்குள் போகும். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து பிளாஸ்டர் போட்டு அனுப்பிவிடுவார்கள். தையல் கிடையாது. அந்த இடம் நீலம் பாரிக்கும். பனடோல் போதும். கட்டி பெரிதாக வீங்கினால், இரத்தம் நிற்காவிட்டால், காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரியும் கட்டி என்றால், முதலில் அல்ட்ராசவுண்டில் திரும்பத் தேடுவார்கள். கிடைத்தால் மேலே சொன்ன பயொப்சியே. கிடைக்காவிட்டால்தான் எம்.ஆர்.ஐ. மேசையிலேயே செய்வார்கள். அதில் மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கிடையே அசையாமல் பிடித்து, உறிஞ்சும் ஊசியால் எடுத்து, பின்னால் இடத்தை அடையாளம் காண டைட்டேனியத்தில் ஒரு சிறு கிளிப்பை விட்டுவருவார்கள். ஒரு மணித்தியாலம் வரை ஆகலாம்.

நோன்பு மாதத்தில் திகதி விழுந்தால் பெருநாளைக்குப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகை மார்க்கத்திலேயே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம்.

எங்கே தொடங்குவது? ஊர் எம்.ஓ.எச். அலுவலகத்தின் சுகவனிதையர் கிளினிக்கில் பெரும்பாலும் பெண் ஊழியர்களே பரிசோதிப்பார்கள். கட்டி தெரிந்தால் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை ஆகியவற்றின் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குக் கடிதம் வாங்கலாம். அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ அனுப்பத் தேவையிருந்தால் அவர்களே எழுதித் தருவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்கெல்லாம் கட்டணம் இல்லை.

பயொப்சி அறிக்கை வரும் நாளை கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள், அன்று ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். புற்றுநோய் என்று வந்தால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று மூன்று முடிவுகளும் வேண்டும். மாத்திரை போதுமா, ஊசி மருந்து வேண்டுமா, எது முதலில் என்பதைத் தீர்மானிக்க அவை தேவை. புற்றுநோய் இல்லை என்று வந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: “படத்தில தெரிஞ்சதும் இந்த முடிவும் ஒத்துப்போகுதா டொக்டர்?” ஒத்துப்போகவில்லை என்றால் ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கலாம், பயொப்சியைத் திரும்பச் செய்வார்கள்.