பீடைநாசினியால் விளையும் தீங்கும் அதற்குரிய பரிகாரமும்

சென்ற ஆண்டு மிளகாய்ச் செய்கைக் காலத்தில் ஒரு நாள், நான் கடமையாற்றும் பகுதியில் இளைஞர் ஒருவர் மேற்சட்டையின்றித் தோட்டத்திற்கு மருந்து விசிறினார். தெளிகருவியின் மூடி இறுக்கமாயில்லை. கசிந்த மருந்து அவரது முதுகை நனைத்தது. நண்பகலில் தலைச்சுற்றும் வாந்தியும் கண்டன. வாயில் நீர் ஊறிற்று. கண்மணிகள் ஊசிமுனைபோற் சுருங்கின. வைத்தியசாலையில் வைத்தியர் முதலிற் கேட்ட கேள்வி, "விசிறிய மருந்து யாது?" என்பதே. தகப்பனார் கொண்டுவந்ததோ பெயரில்லாத ஒரு சோடாப் போத்தல். "ஐயா, கடையில் இதற்குள் ஊற்றித்தான் தந்தார்கள்" என்று அவர் என்னிடம் கூறினார்.

குறிகளைக் கொண்டே வைத்தியர் சிகிச்சை செய்து அவ்விளைஞரைக் காப்பாற்றினார். எனினும், அவர் பல நாள் படுக்கையிற் கிடந்தார்; பறிக்கவேண்டிய பழம் செடியிலேயே அழுகிற்று. மருந்தின் பெயரும் பற்றுச்சீட்டும் இன்மையால், விற்றவரிடம் எவரும் ஒரு கேள்வியும் கேட்க இயலவில்லை. மருந்தின் அளவைப் பலமுறை போதித்த நான், போத்தலைப்பற்றி அவ்வூரில் ஒருமுறையேனும் போதித்தேனல்லேன். அக்குறையை நீக்கவே இதனை எழுதுகின்றேன்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிவு செய்யப்பட்ட மருந்துகளையே இந்நாட்டில் விற்கலாம். ஆகவே முத்திரை உடையாத மூலப்போத்தலையே கேட்டு வாங்குக. அதில் ஒட்டப்பட்டுள்ள சுட்டுத்துண்டு தமிழிலும் இருத்தல் வேண்டும். அதன் அடியிலுள்ள நிறப்பட்டி நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது. மஞ்சள், நீலம், பச்சை என்பன முறையே கடுமை குறைந்தவை. பச்சைப் பட்டியுள்ளதும் குடிக்கத்தக்கதன்று.

மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் என்பன 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. பரகுவாற் என்னும் களைநாசினி 2008 முதல் 2011 வரை படிப்படியாக நீக்கப்பட்டது. இத்தகைய தடைகளின் பின் நஞ்சினால் நேரும் மரணங்கள் நாட்டிற் பெரிதுங் குறைந்தன. ஆதலால் இவற்றுள் ஒன்றை ஒருவர் மறைவாகக் கொண்டுவந்து, "பழைய மருந்து, நல்ல வேகம்" என்று புகழ்ந்தால் அதனை வாங்காதீர்.

விலை சிறிதாயினும் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுக. கேட்போருக்கு அதனைக் கொடுத்தல் வியாபாரியின் கடமையென 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் விதிக்கின்றது.

விசிறும்போது கவனிக்கவேண்டியவை

நஞ்சு வாயால் மாத்திரமன்றித் தோலாலும் மூச்சாலும் உடலுட் புகும். நீண்ட கைச்சட்டை, நீண்ட காற்சட்டை, கையுறை, முகக்கவசம் என்பவற்றை அணிக. காற்றுக்கு எதிராக விசிறாதீர். குழாய்முனை அடைபட்டால் வாயால் ஊதாதீர். வேலை முடியும்வரை வெற்றிலை, புகையிலை, உணவு எதனையும் தொடாதீர். முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளித்து, உடுத்த உடையை வேறாகத் துவைக்குக. தெளிகருவியைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவுதல் கூடாது. வெற்றுப் போத்தலை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, போத்தலைத் துளையிட்டு அழிக்குக.

நஞ்சு பட்டால்

நனைந்த உடையை உடனே களைந்து, உடலைச் சவர்க்காரமும் நீருமிட்டுக் கழுவுக. கண்ணிற் பட்டால் பதினைந்து நிமிடம் தூய நீரால் அலசுக. குடித்தவரை வாந்தியெடுக்கச் செய்யாதீர். புளி, எண்ணெய் முதலியவற்றைப் பருக்காதீர். அறிவிழந்தவரை இடப்பக்கமாகச் சரித்துக் கிடத்துக. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். மருந்துப் போத்தலைச் சுட்டுத்துண்டுடன் நோயாளியோடு கொண்டுசெல்லுதல் மிக அவசியம். எந்நஞ்சென்று அறிந்தால் அதற்கேற்ற மாற்றுமருந்தை வைத்தியர் தாமதமின்றிக் கொடுப்பார்.

சட்டம் தரும் பரிகாரம்

தரங்குறைந்த பொருளைப்பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறையிடலாம். விற்பனை நடந்து மூன்று மாதத்துள் அதனைச் செய்தல் வேண்டும். பிறரது கவனக்குறைவால் உடலுக்கு நேர்ந்த கேட்டிற்கு நட்டஈடு கோரி வழக்கிடுவதாயின், 1871 ஆம் ஆண்டின் காலவரைக் கட்டளைச்சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் இடுதல் வேண்டும். வழக்குச் செலவுக்கு வழியற்றோர், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். ஆயினும் சான்றில்லாத முறைப்பாடு வலுவற்றது. பற்றுச்சீட்டு, போத்தல், மிஞ்சிய மருந்து, வைத்தியசாலைச் சீட்டு ஆகிய நான்கையும் பத்திரப்படுத்துக.

கூலிக்கு ஆள் வைத்து மருந்து விசிறுவிப்போர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். வேலையின் காரணமாக, வேலை செய்கையில் நேர்ந்த விபத்தாற் காயமுற்றவருக்கு வேலைகொள்வோர் நட்டஈடு கொடுக்கவேண்டுமென்பது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் விதி. கையுறையின் விலை அதனோடு ஒப்பிடுகையில் அற்பமே.

நம்மிடம் வாங்குவோர்

கடைக்காரரிடம் நாம் நேர்மையை எதிர்பார்ப்பதுபோல, சந்தையிற் கத்தரியும் போஞ்சியும் வாங்குவோர் நம்மிடம் அதனை எதிர்பார்க்கின்றனர். கடைசியாக மருந்து விசிறியபின் எத்தனை நாட் கழித்துப் பறிக்கலாமென்பது சுட்டுத்துண்டிற் குறிக்கப்பட்டுள்ளது. அந்நாட்களுக்குமுன் பறித்து விற்பது பிறர் வீட்டுப் பிள்ளைக்கு நஞ்சூட்டுவதாகும். தீங்கு தரும் உணவை விற்பதை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் தடுக்கின்றது.

கமக்காரர்களே! அவ்விளைஞர் இன்று மீண்டும் தோட்டம் செய்கின்றார். அவர் வீட்டில் மருந்துப் பெட்டி பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்திற் பூட்டியிருக்கின்றது. அதன் மூடியின் உட்புறத்தில் பற்றுச்சீட்டுகள் கோத்துத் தொங்குகின்றன. உங்கள் வீட்டிலும் அவ்வாறே செய்க. எந்தப் பீடைக்கு எம்மருந்து என்பதில் ஐயமுண்டாயின், விசிறுவதற்குமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை வினவுக.