மருந்துச் சீட்டில் எழுதாத மருந்து

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் பெரியோர். ஆயினும் நோய் எட்டிப் பார்க்காத வீடு எது? நம் வண்ணார்பேட்டையில் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. அங்கே நோயாளிக்குத் துணையாக இருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு என்பதை நான் அறிந்துகொண்ட கதையோடு தொடங்குகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் என் ஆச்சி வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் இரவு ஆச்சி எழ முயன்று, "அடுப்பில பால் பொங்குது, என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அழுதார்கள். என்னையே அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. புத்தி பேதலித்துவிட்டதோ என்று அம்மா கலங்கிப் போனார்கள்.

காலையில் வந்த மருத்துவர், ஆச்சியைச் சோதித்துவிட்டு எங்களிடம் கேட்டார்: "இவங்க கண்ணாடி எங்கே? ராத்திரி தூங்கினாங்களா?" நாங்கள் தலை குனிந்தோம். உடைந்துவிடக் கூடாதென்று கண்ணாடியைப் பைக்குள் வைத்தவள் நான். விளக்கை அணைக்காமல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தவர்களும் நாங்களே!

இது பைத்தியம் அன்று. டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். அறுவை சிகிச்சை, காய்ச்சல், வலி, உடலில் நீர் குறைதல், தூக்கமின்மை எனப் பல காரணங்கள் சேர்ந்து முதியோருக்கு இதனை உண்டாக்குகின்றன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளை ஆராய்ந்து 1999-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 15 பேருக்கு இக்குழப்பம் வந்தது. தனிக் கவனிப்பும் பெற்றவர்களில் 10 பேருக்கும் குறைவாகவே வந்தது. அந்தக் கவனிப்பு என்ன? கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் தருதல், இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று சொல்லுதல், முடிந்தவரை நடக்க வைத்தல், உறங்கும் முன் வெதுவெதுப்பான பால் கொடுத்தல், முதுகை இதமாகத் தடவுதல், சத்தத்தைக் குறைத்தல். அவ்வளவுதான்!

தூக்கத்தின் அருமையை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அன்றே உணர்ந்திருந்தார். 1859-இல் செவிலியம் பற்றி அவர் எழுதிய நூலில் சத்தத்திற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. நோயாளியின் காதில் அரைகுறையாக விழும் கிசுகிசுப்பையும் அவர் கண்டித்தார். இரவில் நோயாளிகளின் அறையில் சத்தம் 30 டெசிபலைத் தாண்டலாகாது என 1999-இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. நமது சாதாரணப் பேச்சே ஏறத்தாழ 60 டெசிபல்! வெளிச்சமும் அப்படியே. இருளில்தான் மூளை மெலட்டோனின் என்னும் சுரப்பை மிகுதியாகச் சுரந்து உறக்கத்திற்கு உதவுகிறது. ஆகவே பகலில் ஜன்னலைத் திறப்போம். இரவில் குழல்விளக்கை அணைப்போம்.

இனி வலியைப் பார்ப்போம். முழங்கை கதவில் இடித்துக்கொண்டால் உடனே அதைத் தேய்க்கிறோம் அல்லவா? தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பது போலவும், தொடு உணர்ச்சி அக்கதவைச் சற்றுச் சாத்தி வலிச் செய்தியைக் குறைப்பது போலவும் மெல்சாக், வால் என்ற அறிஞர்கள் 1965-இல் விளக்கினர். அச்சம் வலியைக் கூட்டும். அமைதி அதைக் குறைக்கும். 1984-இல் உல்ரிச் என்பவர், பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 பேரின் குறிப்பேடுகளை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்களுக்கு, செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடக் கடுமையான வலி மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. அவர்கள் ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினர்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! இவை மருந்துக்குத் துணையே தவிர மாற்று அல்ல. வலி மாத்திரையை நாமாக நிறுத்தலாகாது. அறுவைப் புண்ணையும் வீங்கிய காலையும் தேய்க்கலாகாது. தலையணையை எங்கே வைப்பது என்பதைக்கூடச் செவிலியரிடம் கேட்டே செய்ய வேண்டும். திடீர்க் குழப்பம் கண்டால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

அன்று முதல் எங்கள் அறையில் ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்தது. ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே துணையிருந்தோம். மருத்துவரும் வேண்டிய சிகிச்சையை அளித்தார். ஆச்சியின் கையில் செபமாலையைக் கொடுத்து, கூடவே நானும் மெல்லச் செபித்தேன். நான்கு நாட்கள் கழித்து ஒரு காலையில் ஆச்சி என்னைப் பார்த்து, "ஏளா, கண்ணாடியத் தொடச்சுக் கொண்டா" என்றார்கள். அம்மா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கு பகுதிகள் உண்டு என்று திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் கூறுகிறார். அந்த நான்காமவர் நாமே. நோயுற்றோரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்றென மறைக்கல்வியில் கற்றிருக்கிறோம். 1992-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், லூர்து அன்னையின் திருநாளாகிய பிப்ரவரி 11-ஐ உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார். அன்புத் தோழியரே! அடுத்த முறை நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது ஆரஞ்சுப் பழத்தோடு அமைதியையும் கொண்டு செல்வோமாக!