பச்சிலையும் கல்லீரலும்

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் காமாலை என்றதும் வரப்போரத்துக் கீழாநெல்லியைத் தேடிப் போகிற வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. இலைக்கொத்தின் அடியில் கடுகளவு காய்களை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கும் அச்சிறு செடியை வேரோடு பிடுங்கி அலசி, அம்மியில் மைய அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்து, உப்பும் எண்ணெயும் நீக்கிப் பத்தியம் வைப்பார்கள். மேலே கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் பொறுக்கிச் சேர்க்கும் கடுக்காயோ, வயிற்றுக்கு ஔஷதமாகவும் நாட்டு மருந்துக் கடைச் சரக்காகவும் இருந்துவருகிறது.

கீழாநெல்லியின் கியாதியைப் பரிசோதித்தவர்களில் சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் முக்கியமானவர்கள். 1988-இல் லான்செட் பத்திரிகையில் வெளியான அவர்கள் ஆய்வில், அம்மூலிகையை உட்கொண்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் அக்கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. பிற்பாடு வேறிடங்களில் நடந்த பரிசோதனைகள் அப்பலனைக் காட்டவில்லை. சாதாரணக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே வடிந்துவிடுவதாகையால், பச்சிலைக்குச் சேர்ந்த புகழில் ஒரு பங்கு கல்லீரலுக்கே உரியது என்பது என் எண்ணம்.

அந்தக் கல்லீரலின் செல்களுக்குள் இருக்கும் சைட்டோகுரோம் பி-450 என்னும் நொதிக் குடும்பமே நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை உருமாற்றிக் கழிவாக வெளியேற வழிசெய்கிறது. வைத்தியர் தந்த சூரணத்துக்கும் ஆஸ்பத்திரி மாத்திரைக்கும் அங்கே தனித்தனி வாசல் கிடையாது. மூலிகைச் சத்து அந்நொதியைத் தணித்தால் மாத்திரை சரீரத்தில் தேங்கி விஷமாகலாம். முடுக்கினாலோ மருந்து வேலை செய்யுமுன்பே கழிந்துவிடும். சூரிச் நகரில் மாற்று இதயம் பெற்ற இருவர் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பிய மூலிகையை உட்கொண்டதால், இதயத்தைக் காக்கும் சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் குறைந்து, உடல் அவ்விதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது 2000-இல் பதிவாயிற்று.

நம் மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் தணிக்கிற இனம். மஞ்சளின் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்ந்தால் உடலில் சேரும் குர்குமின் பன்மடங்கு பெருகுவதைப் பெங்களூர் ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினர். ஜம்மு ஆய்வுக்கூடத்தின் உழைப்பால் 2009-இல் வந்த ரிசோரின் என்ற காசநோய் மாத்திரையில், 10 மில்லிகிராம் பைப்பரின் துணையால் ரிபாம்பிசின் 450-லிருந்து 200 மில்லிகிராமாகக் குறைந்தது. திரிகடுகத்தைச் சூரணங்களில் கூட்டிய முன்னோர் அனுபவத்தில் எதைக் கண்டிருப்பார்கள் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் எஸ்.ஜி.பி.டி. வேறு வகை நொதி. கல்லீரல் செல் சிதையும்போது அது ரத்தத்தில் கசிகிறது. கொரோனாக் காலத்தில் சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுத, ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. வழக்கு எப்படித் தீர்ந்தாலும், ‘பக்கவிளைவே இல்லை’ என்று ஒரு மூலிகையைப் புகழ்வது அதற்கு வீரியமே இல்லை என்பதற்குச் சமானம். ஆனால் டாக்டர் “வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால், காலையில் கஷாயம் குடித்துவிட்டு வந்தவரும் இல்லையென்றே தலையசைக்கிறார், அவர் பொய் சொல்லவில்லை, கஷாயத்தை அவர் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.