தெருக்குழாயிலிருந்து கிராம சபைக்கு

"ஊராட்சி என்பது உள்ளாட்சி அமைப்பு" என்று சொல்லிக் கொடுத்தால் ஆறேழு வயதுக் குழந்தை அப்படியே ஒப்பித்துவிடும். மனதில் ஒன்றும் தங்காது. தெருக்குழாயைக் காட்டி, "இந்தத் தண்ணியை யாரு திறந்துவிடுறாங்க?" என்று கேளுங்கள். மறுநாள் காலை, டேங்க் ஆபரேட்டர் வால்வைத் திருகும் நேரத்துக்குக் கூட்டிப் போங்கள். இவருக்கு யார் சம்பளம் தருவது, குழாய் உடைந்தால் யாரிடம் சொல்வது என்று குழந்தையே கேட்கும். வார்டு மெம்பர், தலைவர் என்ற பெயர்களை அப்போது சொன்னால் போதும்.

அம்மாவோ பாட்டியோ மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் அரசு தொடங்கிய இந்தக் குழுக்கள் இன்று தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. பன்னிரண்டு முதல் இருபது பேர் பாய் விரித்து உட்கார்வார்கள். சேமிப்புப் பணத்தை எண்ணுவார்கள். யாருக்குக் கடன் என்று பேசி முடித்துத் தீர்மான நோட்டில் எழுதுவார்கள். குழந்தையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாட்டி எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடுவதை அது பார்க்க வேண்டும்.

கதை கேட்கும் பிள்ளைகளுக்கு உத்திரமேரூரைச் சொல்லலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 920-ஆம் ஆண்டில், அந்த ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிந்திருந்தது. ஊர் வேலைகளைப் பார்க்கும் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். ஓலையை எடுப்பது, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன்! இந்த இடத்தில் எந்தக் குழந்தையும் நிமிர்ந்து உட்காரும். ஏரி வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது என்ற விதியையும் சொல்லுங்கள். சொந்த நிலமும் மனையும் மறைக் கல்வியும் உள்ளவர்கள் பெயர்தான் குடத்துக்குள் போனது என்பதை மறைக்க வேண்டாம். இன்றைய கிராம சபையில் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அத்தனை பேரும் உறுப்பினர்கள். அந்த வித்தியாசத்தைச் சின்னப் பிள்ளைகளும் புரிந்துகொள்வார்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. ஆனால் கூட உட்கார்ந்து வரவு செலவு வாசிப்பதைக் கேட்கலாம். பள்ளிக்கூட வாசலில் விளக்கு எரியவில்லையா? மனுவைக் குழந்தையே தன் கையால் எழுதட்டும், கீழே நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுங்கள். தேதி போட்டு நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்து, அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு குழந்தையையும் மறக்காமல் கூட்டிப் போங்கள்.