வாய் திறந்த பாட்டிமார்
மலாயாவின் சபாக் வட்டார ரப்பர் தோட்டப் பாட்டிகளை அடக்கமானவர்களாக மட்டுமே நினைவுகூர்வது தவறு. விடியுமுன் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) நின்று, பால் வெட்டி, ஆண்களைவிடக் குறைந்த கூலி வாங்கி, வீட்டையும் சுமந்த துணிச்சலான தலைமுறை அது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். ஆர். எச். நாதன் முதலிய போராட்டத் தலைவர்கள் ஆண்கள்தானே எனலாம். உண்மைதான், ஆனால் அத்துமீறல், கள் ஆகிய இவ்விரண்டின் வலியையும் அன்றாடம் அனுபவித்தவர்கள் பெண்கள். அவர்கள் வாய் திறக்காமல் இவை கோரிக்கையாகியிருக்காது என்றே கருதுகிறோம். அதே துணிச்சலோடு 1943இல் இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டப் பெண்களும் சேர்ந்தார்கள். உங்கள் பாட்டி வேலை செய்த தோட்டத்தின் பெயரையும், அவர் சொன்ன கதைகளையும் இன்றே எழுதி வையுங்கள்.