வெட்டிய பட்டை மீண்டும் வளர்வது எப்படி?

ரப்பர் மரத்தின் பட்டையைப் பால் வெட்டும் உளி மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டே கீழிறங்குகிறது. சில ஆண்டுகளில் அப்பக்கத்துப் பட்டை தீர்ந்துவிடும். ஆயினும் மரம் பட்டுப்போவதில்லை. வெட்டிய இடத்தில் புதுப்பட்டை தோன்றிப் பருக்கிறது. பின்னர் அதனையும் வெட்டிப் பால் எடுக்கலாம். இப்புதுப்பட்டை எங்கிருந்து வந்தது? உயிரணுக்களின் இயல்பை அறிந்தால் விடை கிடைக்கும்.

1665ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர், தக்கையின் சீவலை நுண்பெருக்கியில் வைத்து நோக்கிச் சிற்றறைகளைக் கண்டார். தக்கையும் ஒரு மரத்தின் பட்டையே. 1838இல் ஷ்லைடன் தாவரங்களும், 1839இல் ஷ்வான் விலங்குகளும் உயிரணுக்களால் ஆனவை என நிறுவினர். ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே தோன்ற முடியும் என 1855இல் ஃபிர்சோ வலியுறுத்தினார். செங்கல் செங்கல்லை ஈனாது. உயிரணுவோ உயிரணுவை ஈனும்.

உயிரணு உணவை ஏற்றுப் புரதம் முதலியவற்றை ஆக்கி வளர்கிறது. அவ்வாறே வளர்ந்துகொண்டு போகலாகாதா? ஒரு கணக்கைப் பார்த்தால் தெளிவாகும். பக்கம் 1 அளவுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6. கன அளவு 1. பக்கத்தை 2 ஆக்கினால் மேற்பரப்பு 24. கன அளவு 8. உடல் எட்டு மடங்காயிற்று. உணவும் உயிர்வளியும் நுழையும் வாயிலோ நான்கு மடங்கே ஆயிற்று. பெருக்கப் பெருக்கப் பற்றாக்குறை மிகும். எனவே பெரும்பாலான உயிரணுக்கள் சிறியனவாகவே இருக்கின்றன. உடல் பெருப்பதற்கும், தேய்ந்ததை ஈடுசெய்வதற்கும், காயத்தை ஆற்றுவதற்கும் அவை இரண்டாகப் பிரிகின்றன.

பிரிவதில் ஓர் ஒழுங்கு உண்டு. உயிரணுவின் கருவில் பரம்பரைக் குறிப்புகளைத் தாங்கும் குரோமோசோம்கள் உள்ளன. மனித உடலணுவில் அவை 46. ரப்பர் மரத்தில் 36. பிரிவதற்கு முன்னரே ஒவ்வொன்றும் தன்னைப் போன்ற படி ஒன்றை ஆக்கிக்கொள்கிறது. பின்னர் அவை சுருண்டு தடித்து, நடுவில் அணிவகுத்து நிற்கின்றன. நுண்ணிய இழைகள் ஒவ்வொரு இணையையும் பிரித்து எதிரெதிர் முனைகளுக்கு இழுக்கின்றன. இறுதியில் தாவர அணுவின் நடுவே புதுச்சுவர் எழும்புகிறது. விலங்கணுவோ இடையில் இறுகி இரண்டாகிறது. இக்காட்சியை 1882இல் ஃபிளெமிங் விரிவாக வரைந்து காட்டினார்.

ரப்பர் மரத்தில், மரக்கட்டைக்கும் பட்டைக்கும் இடையே கேம்பியம் என்னும் மிக மெல்லிய வளர்படலம் உள்ளது. அதன் அணு பிரியும்போது ஒன்று கேம்பியமாகவே தங்குகிறது. மற்றொன்று உட்புறமாயின் கட்டையாகவும், வெளிப்புறமாயின் பட்டையாகவும் மாறுகிறது. முதல் செலவாகாமல் வட்டி வருவதுபோல் இது ஆண்டுதோறும் நடைபெறுகிறது. வெளிப்புறம் சென்ற அணுக்களிற் சில, தம்மிடையே உள்ள சுவர்கள் கரைய ஒன்றாகிப் பாற்குழாய்கள் ஆகின்றன.

இங்கேதான் பால் வெட்டுவோரின் திறமை விளங்குகிறது. பாற்குழாய்கள் கேம்பியத்தை ஒட்டியே மிகுதி. மேலாக வெட்டினால் பால் குறையும். ஆழமாக வெட்டினால் கேம்பியம் அறுபடும். இடையில் விடவேண்டிய பட்டை சுமார் 1 மில்லிமீட்டரே! கேம்பியம் அறுபட்ட இடத்தில் அண்டை அணுக்கள் தாறுமாறாகப் பிரிந்து காயத்தை மூட முயல்கின்றன. அங்கே கட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் உளி அதன்மேல் சீராக ஓடாது. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தபோது மரங்கள் இவ்வாறே பழுதுற்றன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் 1888 முதல் பொறுப்பேற்றிருந்த ரிட்லி, ஒரே வெட்டுவாயில் மீண்டும் மீண்டும் மெல்லச் சீவும் முறையை வகுத்த பின்னரே, மலாயாவில் மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்க வழி பிறந்தது.

எப்போது பிரிவது, எப்போது நிற்பது என்பதற்கும் உயிரணுவில் காவல் உண்டு. அக்காவலை நடத்தும் புரதங்களையும் மரபணுக்களையும் கண்டறிந்த ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் ஆகிய மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. மனித உடலில் அக்காவல் தவறி, அணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுவதே புற்றுநோய். வளர்ச்சி நன்மை தருவது அது பெருகுவதால் மட்டுமன்று. உரிய இடத்தில், உரிய வேளையில் நிற்கவும் அறிந்திருப்பதால்.